தண்டவாளமில்லாத கடவை

பனி உருகி, வயல்களில் தேங்கிய நீரில் காட்டு வாத்துகள் வந்து இறங்கத் தொடங்கிய வாரத்தில், குகதாசன் ஒரு விடியலில் வேலைக்குப் புறப்படக் கதவைத் திறந்து, பல வருடப் பழக்கத்தில் கீழே பார்க்காமல் காலை எடுத்து வைத்தபோது அங்கே படி இருக்கவில்லை. படி அது இருந்த இடத்தில்தான் இருந்தது. வீடுதான் ஒரு முழம் தள்ளி நின்றது. அவன் சேற்றில் முழந்தாளில் விழுந்து, எழுந்து, காற்சட்டையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூட பஸ்ஸை எடுக்க நேரமாகிவிட்டதால் அதைப் பற்றி யோசிக்காமல் போய்விட்டான். மாலையில் திரும்பி வந்தபோது படிக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கலாம் போல இருந்தது. அவனுடைய மனைவி பாமதி இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டுவிட்டு, அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, வீடு போகுது," என்றாள்.

"எங்கை?"

"அதை நீங்கள்தான் கேக்கவேணும். உங்கடை பேரிலைதானே எழுதியிருக்கு."

அது பிறப்பிலேயே வீடு அல்ல. கோதுமையைக் கடலுக்குக் கொண்டுபோவதற்காக அந்தச் சஸ்கச்சுவான் சமவெளியில் கம்பனி ரயில் பாதை போட்ட காலத்தில், ஒரு குதிரை வண்டி காலையில் தானியத்தோடு புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்துக்கு ஒன்றாக நிலையங்களைக் கட்டிக்கொண்டே போனார்கள்; நிலையம் வந்த இடத்தில் ஊர் வந்ததே தவிர, ஊர் இருந்த இடத்துக்கு நிலையம் வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வரைபடம், ஒரே சிவப்புச் சாயம், ஒரே சரிவான கூரை, நிலைய அதிபர் இருந்த இடத்திலிருந்தே பாதையின் இரண்டு பக்கமும் பார்க்கும்படி சுவரைவிட்டு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரே மாதிரியான ஜன்னல். பிறகு லொறிகள் வந்தன, ரயில்கள் நிற்காமல் போயின, ஊர்கள் மெலிந்தன, கம்பனி நிலையங்களை விற்றது. அப்படி விற்றதில் ஒன்றை வெண்டல் என்ற விவசாயியின் தகப்பன் வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து தன் பண்ணையில் வைத்து ஓட்ஸ் கொட்டினார். ஓட்ஸுக்குப் பிறகு கோழிகள் இருந்தன. கோழிகளுக்குப் பிறகு ஒரு ஆசிரியத் தம்பதி வந்து குளியலறையும் குசினியும் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு, அந்த வட்டாரத்தில் கூரை ஒழுகாத வீடுகளில் வாங்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான் என்பதால், குகதாசனும் பாமதியும் வந்தார்கள். முகப்பில் வெள்ளை எழுத்தில் ஹெல்மர்டன் என்ற பெயர்ப்பலகை அப்போதும் இருந்தது. தெற்கே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஹெல்மர்டன் ஊரும் இருந்தது.

வெண்டல் மூன்றாம் நாள் தன் ட்ரக்கைப் பாதையோரம் நிறுத்திவிட்டு வீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வயது ஐம்பதுகளின் கடைசி. அந்த வீட்டை ஏற்றி வந்த லொறியின் முன் ஆசனத்தில் தகப்பனுக்குப் பக்கத்தில் சின்னப் பையனாக உட்கார்ந்து வந்தவர்.

"குஸ், உன் வீடு நகர்கிறது," என்றார். குகதாசன் என்ற பெயர் அந்த ஊரின் வாயில் முதல் வாரத்திலேயே குஸ் ஆகிவிட்டிருந்தது.

"தெரியும்."

"எந்தப் பக்கம்?"

"தெற்கே."

வெண்டல் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "தெற்கே என்றால் என் கனோலா வயல்."

"மன்னிக்கவேண்டும்."

"நீ என்ன செய்வாய்? எவ்வளவு அகலம் என்று அளந்து சொல். விதைக்கும்போது அந்த அளவுக்கு விட்டுவிடுகிறேன்."

அப்படியே விட்டார். அந்த வசந்தத்தில் வெண்டலின் எண்ணெய்வித்து வயலின் நடுவே தலைமயிரில் வகிடு எடுத்ததுபோல ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. அதன் வழியே சிவப்பு வீடு, கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதுபோல, பார்க்கும்போது நகராமலும் பார்க்காதபோது நகர்ந்துகொண்டும் போனது. மின்சாரக்காரர் இரண்டு முறை வந்து வயரை நீட்டிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் முறை ஒரு ஜெனரேட்டரை இறக்கி வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் வாரம் ஒருமுறை தாங்கி வண்டியில் வந்தது. காப்புறுதிக்காரர், நகர்வது வாகனம், ஆட்கள் உறங்குவது வீடு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு பத்திரம் தங்களிடம் இல்லை என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். தபாலகத்தை நடத்திக்கொண்டு ஊர்ச் சபைக்கும் தலைவியாக இருந்த டொரீன், பாமதி தபாலுக்கு வரும்போதெல்லாம் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இந்த வாரம் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

சபை கூடியது ஹொக்கி அரங்கின் மேல்மாடியில். வீடு சீக்கிரமே சரளைக்கல் போட்ட கிரவல் ரோட்டில் ஏறப்போகிறது, அதற்கு அனுமதி வேண்டுமா என்பதுதான் பேச்சு. உழவு இயந்திரங்களைக் கட்டி இழுத்து நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நிறுத்தினால் அதற்கு நோகுமோ என்று இன்னொருவர் கேட்டார், ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் மெதுவாகப் போகும் விவசாய வாகனங்களுக்குப் பின்னால் மாட்டும் செம்மஞ்சள் முக்கோணம் ஒன்றை வீட்டின் பின்சுவரிலும் மாட்டவேண்டும் என்று தீர்மானமாயிற்று. எல்லோரும் எழுந்து கோப்பிக்குப் போகும் நேரத்தில் டொரீன், சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல, "அது வீட்டுக்குத்தானே வருகிறது," என்றாள்.

அதுவரை அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை. முகப்பில் ஊரின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஊரை நோக்கி ஒரு நிலையம் வருகிறது. அரை நூற்றாண்டாக வயலில் ஓட்ஸும் கோழியும் குடித்தனமும் சுமந்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பி வருகிறது. ஆனால் அதன் இடத்தில் இப்போது உரக் கொட்டகை நின்றது. ஆகவே அந்தக் கோடையில் ஹெல்மர்டன் ஊரார் உரக் கொட்டகையைப் பிரித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள், பழைய புகைப்படங்களைப் பார்த்து அளவெடுத்தார்கள், கொங்கிறீற் போட்டு அத்திவாரம் கட்டினார்கள், வாசல் வரும் பக்கத்தில் தேவதாருப் பலகையில் ஒரு மேடை அடித்தார்கள். அதோடு நிற்கவில்லை. குஸ்ஸும் பாமதியும் அதற்குள்ளே இருப்பார்கள் என்பதால் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் மின்சாரமும் கொண்டுவந்து, அத்திவாரத்துக்குள் சரியான இடங்களில் மூடிவைத்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வெறும் அத்திவாரத்தின் ஓரத்தில் நிற்பது குகதாசனுக்குப் பழக்கமாகிவிட்டது. அவன் மூன்று வீடுகளை விட்டு வந்தவன். முதலாவது இராணுவ வலயத்துக்குள் போயிற்று. இரண்டாவதின் கூரை ஒரு மத்தியானத்தில் ஷெல் விழுந்து போயிற்று. மூன்றாவது வாடகை வீடு, அதை விட்டு ஓடிய அன்றைக்கும் பூட்டிவிட்டுத்தான் ஓடினான். மூன்று சாவிகளும் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் கிடந்தன. எங்கே போனாலும் அங்கே இருந்தவர்களின் இடத்தில் ஒதுங்கித்தான் இருந்திருக்கிறான், அவன் வருவதற்கென்று யாரும் ஒரு இடத்தைத் துப்புரவாக்கி வைத்ததில்லை. இவர்கள் வீட்டுக்காகத்தான் இதைச் செய்கிறார்கள், தனக்காக அல்ல, என்று தன்னையே திருத்திக்கொள்வான். வீட்டுக்குக் கழிவுக் குழாய் எதற்கு என்று மறுபடி தன்னையே கேட்பான். இப்படிச் சந்தோஷப்படுவது சரியா என்று தெரியாமல் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவான்.

பாமதிக்கு அத்தகைய குழப்பங்கள் இல்லை. "இது ஹெல்மர்டனிலை நிண்டால் நான் இருப்பன்," என்று அவள் ஆடி மாதமே சொல்லிவிட்டாள். "நிக்காமல் திரிஞ்சால் நான் ஸ்காபரோவுக்குத் தங்கச்சியிட்டைப் போறன். எனக்கு இனி நகருற சீவியம் ஏலாது. நீங்கள் வீட்டோடை இருக்கிறதோ என்னோடை இருக்கிறதோ, அதை நீங்கள் யோசியுங்கோ."

"அது நிக்கும், பாமதி. பேரே எழுதியிருக்கு."

பஸ்ஸைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பள்ளிக்கூட பஸ் ரயில் கடவைக்கு வந்தால் ரயில் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கவேண்டும். முன்கதவைத் திறந்து, பிள்ளைகளை அமைதியாக்கி, காதால் கேட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகுதான் கடக்கவேண்டும். குகதாசனுடைய வழியில் ஒரே ஒரு கடவை இருந்தது. அது லார்க்கம் என்ற இடத்தில். லார்க்கம் ஒரு காலத்தில் ஊர். இப்போது ஒரு கரகானாப் புதர் வேலியும் புல்லுக்குள் கொஞ்சம் கல்லும். அவன் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம் கம்பனி அந்தப் பாதையை மூடி, தண்டவாளங்களைக் கழற்றி, கடவையின் குறுக்குப் பலகையையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. குகதாசன் நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை. மேலதிகாரி கூப்பிட்டு, இனி அங்கே நிற்கத் தேவையில்லை குஸ், என்று சொன்னார், சரி என்றான், மறுநாளும் நின்றான். பிறந்த ஊரில், யுத்த காலத்தில், தண்டவாளங்களைக் கழற்றி, அவற்றைத் தாங்கிய சிலிப்பர்க் கட்டைகளைப் பதுங்குகுழிகளுக்குக் கொண்டுபோனதைக் கண்டவன் அவன். இருபது வருடத்துக்கு மேலாகப் புல் முளைத்துக் கிடந்த அதே பாதையில் மறுபடி ரயில் ஓடியதைத் தொலைபேசியில் பார்த்தவனும்கூட. கழற்றிவிட்டால் பாதை முடிந்துபோயிற்று என்று நம்புவதற்கு அவனால் முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு காலையும் லார்க்கத்தில், வெறும் புல்லுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, காற்றைக் கேட்டான். பின் ஆசனங்களிலிருந்து நக்கல் வரும். முன் ஆசனத்தில் இருக்கும் ஜூனி என்ற சின்னப் பிள்ளை மட்டும் ஒழுங்காகக் கேட்பாள்:

"வருகிறதா, குஸ்?"

"இன்றைக்கும் சுணக்கம்," என்பான். கதவை மூடுவான்.

வீடு கோடை முழுக்க வந்தது. வந்த வழி எது என்று வெண்டலுக்குத்தான் முதலில் விளங்கிற்று: தகப்பனின் லொறி அன்றைக்கு அறுவடை முடிந்த வயலுக்குள்ளால் குறுக்காக வந்த அதே வழி. ஒரு நீர்நிலையின் கரையில் அது சில நாட்கள் அசையாமல் நின்றபோது ஊரார் பயந்தார்கள்; வெண்டல் மட்டும், "இங்கேதான் அப்பா நிறுத்தி சாண்ட்விச் தின்றார்," என்று சொல்லி, ட்ரக்கின் பின்தட்டில் உட்கார்ந்து தானும் ஒன்று தின்றார். பிறகு அது புறப்பட்டது. உள்ளே இருந்தால் ஒரு சத்தமும் இல்லை. மேசையில் வைத்த தண்ணீரின் முகத்தில் மட்டும் மெல்லிய ஒரு வளையம் விரிந்து விரிந்து அடங்கும். துருத்திய ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குகதாசனுக்கு, சமவெளி முழுவதும் ஒரு பெரிய தட்டைப்போலத் தன்னை மிக மெதுவாகச் சுற்றிக் காட்டுவதாகத் தோன்றும். அது கடந்த இடத்தில் புல் நசுங்கியிருக்கவில்லை. மான்கள் அதன் நிழலில் மேய்ந்துகொண்டே அதனோடு நகர்ந்தன. மாலைகளில் ஊரார் காரில் வந்து, காரைத் தூரத்திலேயே விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் கொஞ்சத் தூரம் நடந்தார்கள்; பேசத் தொடங்கியவர்கள் பாதியில் குரலைத் தாழ்த்தினார்கள். கிரவல் ரோட்டை அது கடந்த நாளில் இரண்டு பக்கமும் அறுவடை இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் இறங்கித் தொப்பிகளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கழற்றச் சொல்லவில்லை.

அறுவடை முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை, நிலையம் ஹெல்மர்டனுக்கு வந்தது. மேடையில் கேக் இருந்தது, கொடி இருந்தது, பாமதி பெரிய பானையில் இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பாட்டைப் பழகி வந்து அதைப் பாடுவதற்கான நேரம் எது என்று தெரியாமல் நின்றார்கள். பத்து மணியளவில் கூரையின் நிழல் மேடையைத் தொட்டது. மத்தியானத்தில் முன்சுவர் அத்திவாரத்தின் கோட்டுக்கு நேரே வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் அந்தக் கோட்டை அது ஒரு கையளவு தாண்டியிருந்தது.

"கொஞ்சம் முன்னுக்கு எடுத்துவிட்டுப் பின்னுக்கு வரும்," என்று ஒருவர் சொன்னார். "பெரிய வண்டிகளை அப்படித்தான் நிறுத்துவது."

கேக்கை மூடி வைத்தார்கள். மறுநாளும் வந்தார்கள். தேவாலயத்துக்குப் போய்விட்டு நல்ல உடுப்போடு வந்து நின்று, வீடு தங்கள் கண் முன்னால், அவர்களை ஒருமுறையும் திரும்பிப் பார்க்காத விருந்தாளியைப்போல, அத்திவாரத்தை உரசாமல், அதன் பக்கமாகவே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். அதற்கும் மறுநாள் செம்மஞ்சள் முக்கோணம் மேடையின் கடைசிப் பலகையையும் கடந்தது. கிழக்கே, தண்டவாளம் கிடந்த பழைய மண் மேட்டில் ஏறி, கொஞ்சம் வேகம் எடுத்து, அது ஊரை விட்டுப் போயிற்று.

வெண்டல் வெறும் அத்திவாரத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்து டொரீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் லொறியில் நித்திரையாகிவிட்டேன்," என்றார் வெண்டல். "அன்றைக்கு. கண் விழித்தபோது ஹெல்மர்டனில் நின்றோம். இங்கேதான் ஏற்றினோம் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

"பலகை?"

"அந்தக் கோடையில் இரண்டு நிலையம் விற்றார்கள், இதுவும் லார்க்கமும். வயர்களில் மாட்டாமல் இருக்கட்டும் என்று இரண்டின் பலகையையும் முதலே கழற்றி ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். மழை வரும்போல இருந்தது. அப்பா மேலே கிடந்ததை எடுத்து அடித்துவிட்டார்." கொங்கிறீற் விளிம்பைக் கையால் தடவினார். "எல்லாம் ஒரே மாதிரித்தானே கட்டினார்கள். அப்பாவையும் குறை சொல்ல முடியாது."

மற்ற நிலையம் ஒரு பன்றிப் பண்ணைக்குப் போய், முப்பது வருடத்துக்கு முன்னால் எரிந்திருந்தது. எரிந்தது லார்க்கம் என்றே எல்லோரும் நினைத்திருந்ததால் ஹெல்மர்டனில் அதற்காக ஒருவரும் வருத்தப்பட்டிருக்கவில்லை. அன்றைக்கு மேடையில் நின்ற சிலர், அப்போதுதான் செய்தி வந்ததுபோல, கிழக்கே போகும் வீட்டை விட்டுவிட்டு வடமேற்கே, பன்றிப் பண்ணை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பாமதி கைப்பையோடும் சோறு அவிக்கும் பானையோடும் இறங்கி டொரீன் வீட்டுக்குப் போனாள். குகதாசன் இறங்கவில்லை.

அவன் ஜன்னலில் இருந்தான். லார்க்கம், லார்க்கம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு காலையும் அங்கே கதவைத் திறந்து காது கொடுத்தது நான் அல்லவா. கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று இந்த வீட்டின் பலகைகளுக்கு யார் சொன்னது. நான்தான் கூப்பிட்டேனோ, கூப்பிட்டுவிட்டு அது வேறெங்கோ வரும் என்று காத்திருந்தேனோ. தண்ணீரில் வளையம் விரிந்து அடங்கிக்கொண்டிருந்தது.

பாமதி ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டோடு வந்தாள். வீடு நிற்காது என்பதால் அவளும் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, குளிருக்குத் தலையைச் சுற்றிச் சால்வையைப் போட்டுக்கொண்டு, இரண்டு அடி வைத்து நின்று இரண்டு அடி வைத்து, அதன் வேகத்தில் நடந்தாள். அவன் உள்ளே இருந்து சாப்பிட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை பிளேன்," என்றாள். "டொரீன் காரிலை கொண்டுபோய் விடுறா."

"லார்க்கத்திலை கறண்ட் இல்லை, தண்ணி இல்லை. தெரியும் எனக்கு."

"தெரிஞ்சுமோ?"

"மூண்டு வீட்டை விட்டிட்டு வந்தனான், பாமதி."

"நானும்தானே வந்தனான். நீங்கள் ஏதோ தனிய வந்த மாதிரி." அவள் கொஞ்சம் பின்தங்கி, எட்டி நடந்து மறுபடி ஜன்னலுக்கு நேரே வந்தாள். "அதெல்லாம் எங்களைத் துரத்திக் கலைச்சது. இது உங்களைக் கலைக்குதே? கதவும் திறந்துதான் கிடக்கு. அதுக்குத் தன்ரை இடம் தெரியும், அது போகுது. நீங்கள் அதுக்குள்ளை இருந்துகொண்டு அதை உங்கடை வீடு எண்டுறியள். இவ்வளவு நாளும் வழித்துணைக்குத்தான் வந்திருக்கிறியள்."

அவன் கோப்பையை வைத்தான்.

"இறங்கிறது வேறை, ஓடுறது வேறை," என்றாள் பாமதி. "இறங்கிப் பாருங்கோவன் ஒருக்கா. மீன்குழம்பு காணுமோ, இன்னும் விடவோ?"

"காணும்."

அவள் போன பிறகு சமவெளியில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. எங்கும் ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. வானம் மட்டும் தரை வரைக்கும் இறங்கி நின்றது. அத்தனை பெரிய வெளியில் ஒரு பழைய மரக் கட்டிடம் தான் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்த இடத்தை ஒரு பிழையும் இல்லாமல் நோக்கிப் போய்க்கொண்டிருப்பதை குகதாசன் அப்போதுதான் முதல்முறையாக, தன்னை அதில் சேர்க்காமல், பார்த்தான். பார்த்தபோது அவனுக்குக் கழுத்துக்குப் பின்னால் மயிர் சிலிர்த்தது. கோவிலின் உள்வீதியில் மேளம் நின்றுபோன கணத்தில் ஏற்படுவது அது. அவனுக்கு அதன்மேல் பொறாமை இருந்தது என்பதும், அந்தப் பொறாமையைத்தான் இவ்வளவு நாளும் உரிமை என்று நினைத்திருந்தான் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

அவன் எழுந்து அரிக்கன் லாம்புக்கு எண்ணெய் விட்டுக் கொளுத்தி, துருத்திய ஜன்னலின் நடுவில் வைத்தான். பால்மாப் பேணியை எடுத்துக்கொண்டான். வெளியே வந்து, கதவைச் சாத்தி, பழக்கத்தில் சாவியைத் திருகினான். பிறகு மறுபக்கம் திருகித் திறந்து, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, மண் மேட்டில் இறங்கி ஊரை நோக்கி நடந்தான். வீடு அவனுக்காக நிற்கவில்லை. அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

ஊரில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. குழாயும் கொங்கிறீற்றும் போட்ட அத்திவாரம் மேலே ஒன்றும் இல்லாமல் ஒரு மாரியின் உறைபனியில் கிடந்தால் வெடித்துவிடும், அதற்கு ஏதாவது ஏற்றித்தான் ஆகவேண்டும் என்று வெண்டல் வாதாடி, பக்கத்துக் கிராமத்தில் மூடிக் கிடந்த ஒற்றையறைப் பள்ளிக்கூடத்தைப் பேசி முடித்து, வாரத்துக்குள்ளேயே லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து அத்திவாரத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டார். அந்த நாட்டில் கட்டிடங்களை ஏற்றி இறக்குவது ஒரு புதுமை அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை பாமதியின் பெட்டி டொரீனின் காருக்குள் இருந்தது, காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாமதி மேடையில் குகதாசனுக்குப் பக்கத்தில் நின்று வெண்டலோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குசினி ஜன்னல் வடக்கே வைத்தால் மாரி முழுக்க யார் நின்று சமைப்பது? நீங்களா?"

"கட்டிடம் அப்படித்தான் இருக்கிறது, அம்மா."

"அப்படியென்றால் கட்டிடத்தைத் திருப்புங்கள்."

வெண்டல் குகதாசனைப் பார்த்தார். "குஸ், நீ ஏதாவது சொல்லு."

"திருப்புங்கள்," என்றான் குகதாசன்.

டொரீன் குகதாசனையும் பாமதியையும் பார்த்துவிட்டு, காருக்குள் கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினாள்.

மாரி பிடித்த பிறகு லார்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது நிலையம். ஜன்னல் பாதையைப் பார்க்க, புல்லுக்குள் கிடந்த பழைய கற்களின் மேல், ஒரு விரலும் பிசகாமல் உட்கார்ந்து, பிறகு அசையவில்லை. வெண்டல் ஏணியோடு போய் ஹெல்மர்டன் பலகையைக் கழற்றினார். தானே சாயம் பூசி எழுதிய லார்க்கம் பலகையை அடித்தார். லாம்பை யாரும் அணைக்கவில்லை. மாலையில் அந்தப் பக்கமாகக் கடைசியாகப் போகிறவர்கள் நிறுத்தி, எண்ணெய் விட்டு, திரியைத் தட்டிவிட்டுப் போவது யாரும் சொல்லாமலே வழக்கமாயிற்று. கதவு பூட்டியிருக்கவில்லை. சாவி அதிலேயே இருந்தது.

மார்கழியில் ஒரு காலை, பள்ளிக்கூட நேரம் வந்தும் விடியாத இருட்டில், குகதாசன் லார்க்கம் கடவைக்கு வந்து பஸ்ஸை நிறுத்தினான். பழைய ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிலையத்தின் ஜன்னலில் லாம்பு எரிந்தது. முன்கதவைத் திறந்தான். குளிர் உள்ளே ஏறிற்று. பின் ஆசனங்களில் நக்கல் இல்லை. நிலையம் வந்த நாளிலிருந்தே இல்லை.

"சுணக்கமா, குஸ்?" என்றாள் ஜூனி.

அவன் பதில் சொல்வதற்கு வாயெடுத்தபோது ஜன்னல் வெளிச்சம் அணைந்தது. பிறகு வந்தது. மறுபடி அணைந்தது, மறுபடி வந்தது. ஒரே அளவாக, ஒரே தாளத்தில், எரிகிற ஒரு விளக்குக்கும் பார்க்கிற கண்ணுக்கும் நடுவால் நீண்ட ஒரு தானிய ரயில் போகும்போது எப்படியோ அப்படி, பெட்டி மறைத்து, இடைவெளி விட்டு, பெட்டி மறைத்து. பாதையில் பனி கலையவில்லை. சத்தம் ஒன்றும் இல்லை. பஸ்ஸின் தரை மட்டும் காலுக்குக் கீழே மெல்ல நடுங்கிற்று. அந்த நாட்டுப் பிள்ளைகள் ரயிலைக் கண்டால் பெட்டிகளை எண்ணுவார்கள். ஜூனி சின்னக் குரலில் எண்ணத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை, பிறகு பெரிய பையன்கள், பிறகு பஸ் முழுவதும், தேவாலயத்தில் சேர்ந்து ஜெபம் சொல்வதுபோல, தாழ்ந்த குரலில் எண்ணிற்று. கண்ணாடிகளில் மூச்சு படிந்தது. யாரும் அதைத் துடைக்கவும் கை எடுக்கவில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு வெளிச்சம் அணையாமல் நின்றது.

குகதாசன் சட்டப்படி இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்தான். கதவை மூடினான். கடவையைக் கடந்து கொஞ்சத் தூரம் போன பிறகுதான் பின்னால் பேச்சு எழுந்தது: ஜூனி சொன்ன எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு என்றான் ஒரு பெரியவன், கடைசியில் வந்தது பெட்டியே அல்ல என்றாள் இன்னொருத்தி.

"குஸ், நீ சொல்லு. நீ எத்தனை எண்ணினாய்?"

"நான் எண்ணவில்லை," என்றான் அவன். "நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

பள்ளிக்கூடம் வரும்வரைக்கும் அவர்கள் அதைப் பற்றியே சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள்.